மலைநாட்டில் நிலம் நடுங்கும்போது

வடநாட்டில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு நில அதிர்ச்சி முற்றிலும் புதிதன்று. நள்ளிரவில் கட்டில் ஆடுவதும், அலமாரியில் பாத்திரங்கள் கலகலப்பதும், அண்டை அயலார் அனைவரும் வீதியில் கூடி நிற்பதும், சிறிது நேரத்தில் அச்சம் தெளிந்து வீடு திரும்புவதும் டெல்லி வாசிகளுக்கு ஓரளவு பழகிப்போனவை. மறுநாள், வடக்கே மலைப் பிரதேசத்தில் மிதமான பூகம்பம் நிகழ்ந்ததாகச் செய்தி கேட்கிறோம்; அத்துடன் அதனை மறந்தும் விடுகிறோம். "மிதமான" என்னும் அச்சொல்லின் பொருள்தான் என்ன? அதைச் சற்றே ஆராய்வோம்.

1991ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, விடியற்காலை மூன்று மணி ஆவதற்குச் சில நிமிஷங்களே இருந்தபோது, கார்வால் மலைநாட்டில் உத்தரகாசி மாவட்டம் குலுங்கியது. அதிர்ச்சியின் அளவு 6.8. உறக்கத்தில் இருந்தவர்களுள் 750க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கங்கோத்ரி செல்லும் சாலையில் கவானா என்னுமிடத்திலிருந்த பாலம் வீழ்ந்தது. மலைச்சரிவுகள் பாதைகளை அடைத்தன. மீண்டும் 1999ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி, நள்ளிரவு கடந்து சுமார் அரைமணி நேரத்தில், பத்ரிநாத் செல்லும் வழியிலுள்ள சமோலிப் பகுதியில் ஏறத்தாழ அதே அளவுள்ள அதிர்ச்சி தாக்கிற்று. ஏறக்குறைய நூறு உயிர்கள் பலியாயின. ஏழுக்குக் குறைந்த அளவுடைய பூகம்பத்தை மிதமானதென்று வகைப்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அவ்வழக்கப்படி இவ்விரண்டும் மிதமானவையே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பூகம்பத்தின் அளவு என்பது வேறு. ஓர் ஊரில் அது விளைக்கும் ஆட்டத்தின் கடுமை என்பது வேறு. வானொலி நிலையத்தின் ஒலிபரப்புச் சக்தி ஒன்றுதான். ஆயினும் அது நம் வீட்டுப் பெட்டியில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது தொலைவையும் இடத்தையும் பொறுத்தது. அதுபோலவே, அளவு என்பது நிலத்தினடியில் வெளிப்பட்ட சக்தியைக் குறிக்கும் ஒரே எண். அது ஓர் எண் கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். ஆனால் கடுமையோ ஊருக்கு ஊர் மாறும். உத்தரகாசியிலும் சமோலியிலும் அதிர்ச்சி தோன்றிய இடம் நிலமட்டத்திற்குக் கீழே சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. ஆகவே நேர் மேலே இருந்த கிராமங்களுக்கு அது சிறிதும் மிதமானதாக இல்லை.

இதன் காரணம் இமயத்தின் பிறப்பிலேயே உள்ளது. நம் பாரத நிலப்பாளம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்து, ஆசியப் பெருநிலத்தை அழுத்தி வருகிறது. அந்நகர்ச்சியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயமலைப் பகுதி தாங்கிக்கொள்கிறது. பாறைகள் வளைந்து வளைந்து பொறுக்கின்றன. பொறுக்க இயலாத ஒரு கணத்தில் பழைய பிளவுகளின் வழியே வழுக்கி விடுகின்றன. அந்த வழுக்கலே நில நடுக்கம். அதனைத் தடுக்க மனிதனால் ஆகாது. எந்நாளில், எந்நேரத்தில் வருமென்று முன்கூட்டிச் சொல்லவும் விஞ்ஞானத்தால் இன்றுவரை இயலவில்லை.

எனினும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நிலமன்று, வீடே. கார்வால் கிராமத்து வீடு பலவற்றில் சுவரென்பது உண்மையில் இரண்டு சுவர்கள்: உட்புறம் ஒரு கல்வரிசை, வெளிப்புறம் ஒரு கல்வரிசை, நடுவே சில்லுக் கல்லும் மண்ணும். குளிருக்கு அது நல்ல காப்பு. ஆனால் நிலம் ஆடும்போது இரு வரிசைகளும் ஒன்றையொன்று பிரிந்து, வயிறு புடைத்தாற்போலப் பிதுங்கிச் சரிகின்றன. மேலேயிருக்கும் பாரமான கற்பலகைக் கூரை உறங்குவோர்மீது இறங்குகிறது. இவ்விரு பூகம்பங்களும் இரவில் வந்தமையால் துன்பம் பெருகிற்று.

மலைமக்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். உத்தரகாசி மாவட்டத்தில் கோட்டி பனால் முதலிய ஊர்களில், பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த நான்கைந்து அடுக்கு வீடுகள் எத்தனையோ நடுக்கங்களைக் கண்டும் நிற்கின்றன. அவற்றின் சுவரில் கல்வரிசையும் மரவுத்தரமும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. மூலைகளில் உத்தரங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. நிலம் ஆடினால் வீடு முழுவதும் ஒரே பெட்டிபோல ஆடுகிறது, பிரிந்து விழுவதில்லை. நாளடைவில் நல்ல மரம் அரிதாயிற்று, விலையும் ஏறிற்று, அத்தொழிலில் தேர்ந்த கைகளும் குறைந்தன. மரம் போய்க் கல் மட்டும் எஞ்சியது. பின்னர் வந்த சிமெண்டுக் கூரை பல இடங்களில் அந்தப் பழைய பலவீனச் சுவரின்மீதே ஏற்றப்பட்டது.

பரிகாரம் இல்லாமலில்லை. சுவரின் இருபுறத்தையும் குறுக்கே இணைக்கும் நீண்ட கற்களை, 60 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒருமுறை, 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வைக்க வேண்டும். அடித்தள மட்டத்திலும், வாயில் நிலைக்கு மேலும், கூரையின் கீழும் வீட்டைச் சுற்றி ஒட்டியாணம் பூட்டினாற்போல இரும்புக்கம்பியிட்ட சிமெண்டுப் பட்டையோ மரப்பட்டையோ ஓட வேண்டும். பூகம்பத்தைத் தாங்கும் கட்டட விதிகளை நம் நாடு 1962ஆம் ஆண்டிலேயே முதன்முதலாக வெளியிட்டது. விதி ஏட்டிலிருந்து கொத்தனாரின் கைக்குச் சென்று சேர்வதே கடினமான வேலை.

இது மலைவாசிகளின் கவலை மட்டுமன்று. சமோலியிலிருந்து டெல்லி ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கட்டடத்தை வலுவாக உலுக்கும் அலைகள் அங்கிருந்து இங்கு வந்து சேர ஒன்றரை நிமிஷம்கூட ஆவதில்லை. 1999இல் இங்கும் சில கட்டடங்களில் விரிசல் கண்டது. ஆற்று வண்டல் படிந்த நிலம் ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டும் இயல்புடையது. ஆதலின் அதிர்ச்சியை உணர்ந்ததும் மாடிப்படிக்கோ மின்தூக்கிக்கோ ஓடாமல், உறுதியான மேசையின் கீழ் புகுந்து தலையைக் காத்துக்கொள்வதே நன்று. கனமான பெட்டிகளைப் படுக்கைக்கு மேலுள்ள பரணில் அடுக்காதிருப்பதும், உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் இன்றே செய்யக்கூடியவை. சொந்த வீடு வாங்குவோர் சலவைக்கல் தரையைப் பார்ப்பதற்கு முன் தூண்களைப் பற்றிக் கேட்பது நலம்.

நம் அலுவலகத் தோழர்களிலும் அண்டை வீட்டாரிலும் கார்வால் நாட்டவர் பலர் இருக்கின்றனர். கேதாரமும் பதரியும் தேவாரத்திலும் திவ்வியப் பிரபந்தத்திலும் பாடப்பெற்ற தலங்கள். அவ்வழி செல்லும் தமிழ் யாத்திரிகர்கள் தங்குவதும் அம்மலையூர்களில்தான். இனி ஓரிரவு நம் கட்டில் இலேசாக ஆடி நின்றால், நமக்குச் சேதமில்லை என்று திரும்பிப் படுத்துவிட வேண்டாம். நமக்கு மிதமாக வந்த அது வேறெங்கோ ஒரு கல்வீட்டின்மேல் எவ்வாறு இறங்கியதோ என்று எண்ணி, மறுநாள் அந்த நண்பரிடம், "ஊரில் எல்லோரும் நலமா?" என்று ஒரு வார்த்தை கேட்போமாக.