கேமராவுக்குள் குடிவந்த எறும்பார்!

ஆடி வெள்ளி. சந்தவாசல்ல பஸ்ஸை விட்டு இறங்கி, படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போற கூட்டத்தோட நீங்களும் கிளம்பியாச்சு. கழுத்துல டி.எஸ்.எல்.ஆர். கேமரா. விஸ்காம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆச்சே! பொங்கல் பானையில இருந்து எழும்புற புகை, வேப்பிலை, மஞ்சள் புடவை... எல்லாமே சூப்பர் ஃப்ரேம். ஒரு பாட்டி முகத்துக்கு ஃபோகஸ் பண்றீங்க. அட, பாட்டி மூக்கு மேல ஓர் எறும்பு! கேமராவை இறக்கிட்டு நேர்ல பார்த்தா மூக்குல ஒண்ணும் இல்லை. மறுபடி கண்ணை வெச்சா... இப்போ நெத்தியில நடந்து போகுது!

டென்ஷன் ஆகாதீங்க. பாட்டிக்கு சாமி வரலை. உங்க கேமராவுக்கு விருந்தாளி வந்திருக்கார்.

இந்த நேரத்துல நம்ம கை சும்மா இருக்காது. தட்டும், ஊதும், லென்ஸைக் கழற்றி உள்ளே பட்ஸை விட்டு நோண்டும். இதுல எதையுமே செய்யாதீங்க. காரணம் ரொம்ப சிம்பிள். உயிரோட இருக்கிற பூச்சிக்குக் கால் இருக்கு, வந்த வழியே போயிடும். செத்த பூச்சியை நீங்கதான் வெளியே எடுக்கணும். அதுக்கு கேமராவைப் பிரிக்கணும், அதுக்குக் காசு வேணும். அதனால எறும்பாரை உயிரோட வழியனுப்பி வைக்கிறதுதான் உங்க பர்ஸுக்கு நல்லது.

அவர் எங்கே உட்கார்ந்திருக்கார்னு முதல்ல கண்டுபிடிங்க. டி.எஸ்.எல்.ஆர்.ல லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் ஒரு சாய்ந்த கண்ணாடியில பட்டு மேலே திரும்பி, 'ஃபோகஸிங் ஸ்க்ரீன்'ங்கிற மங்கலான தகட்டுல விழுது. அந்த பிம்பத்தைத்தான் மேலே இருக்கிற ப்ரிஸம் உங்க கண்ணுக்குக் காட்டுது. க்ளிக் பண்ணினதும் கண்ணாடி தூக்கிக்கும், வெளிச்சம் நேரா பின்னாடி இருக்கிற சென்சாருக்குப் போகும். ஆக, வ்யூஃபைண்டர்ல தெரியுது, படத்துல தெரியலைன்னா ஆள் மாடியில இருக்கார். உங்க படத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ப்ராஜெக்ட்டைத் தாராளமா முடிங்க.

வ்யூஃபைண்டர்ல இல்லை, ஆனா எடுக்குற எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல கறுப்பா ஒரு பொட்டு விழுதா? அப்போ சென்சார் மேல ஏதோ இருக்கு. ஒரு டெஸ்ட் இருக்கு. அபர்ச்சரை எஃப் 16 அல்லது 22-க்குக் கொண்டு போங்க. ஃபோகஸை வேணும்னே கெடுத்துட்டு வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஒரு க்ளிக். துவாரம் சின்னதாக ஆக, அந்தப் பொட்டு பளிச்னு தெரியும். லென்ஸை மாத்தியும் அது அதே இடத்துல நின்னா சென்சார்தான் இடம்.

ஆரணிப் பக்கத்துல படம் எடுக்கிறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். விடியற்காலையில தெருவுல பாவு நீட்டியிருக்கிறதையும், தறி வீட்டுக்குள்ள ஜக்கார்டு அட்டைகள் ஏறி இறங்குறதையும் எடுக்கணும்னு எல்லாருக்குமே ஆசை. ஆனா அங்கே லென்ஸை மாத்தினீங்கன்னா காத்துல மிதக்கிற பட்டு இழை உள்ளே போய் உட்கார வாய்ப்பு உண்டு. படத்துல அது வளைஞ்சு நெளிஞ்சு, அச்சு அசல் பூச்சிக் கால் மாதிரியே இருக்கும். பூச்சி போட்ட கூட்டுல இருந்து வந்த நூலைப் பார்த்துட்டு பூச்சின்னு அலறினா எப்படி? தெருவுக்கு வந்து, கேமராவை ஆஃப் பண்ணி, வாய் கீழே பார்க்கிற மாதிரி பிடிச்சு லென்ஸை மாத்துங்க.

மூணாவது இடம் லென்ஸ். இங்கே ஓர் ஆச்சரியம் இருக்கு. கண்ணாடிகளுக்கு நடுவுல ஒரு சின்னப் பூச்சியே கிடந்தாலும் படத்துல பெரும்பாலும் அதோட உருவம் தெரியாது. ஃபோகஸ் ஆகிற தூரத்துல அது இல்லையே! காண்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையலாம், பின்னணியில வட்ட வட்டமா விழுற விளக்குகளுக்குள்ள நிழல் தட்டலாம், அவ்வளவுதான். அமெரிக்காவுல லென்ஸை வாடகைக்கு விடுற 'லென்ஸ்ரெண்டல்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, ஒரு லென்ஸுக்குள்ள மாட்டின ஈயை அக்கக்காகப் பிரிச்சு எடுத்த கதையைப் படங்களோட எழுதியிருக்கார். அது தூசியும் தண்ணியும் புகாதபடி சீல் வெச்ச லென்ஸ்! ஜூமை முன்னே பின்னே இழுக்கும்போதெல்லாம் லென்ஸ் துருத்தி மாதிரி காத்தை உறிஞ்சும். காத்து போற வழியில எறும்பு போகாதா என்ன?

இப்போ காலேஜ் பக்கம் 2000-கள்ல வந்த குட்டி டிஜிட்டல் கேமராவுக்கு மறுபடியும் கிராக்கி. மாமா பீரோவுல தூங்கிட்டு இருந்த பழைய பீஸை எடுத்து, 'செம வின்டேஜ் லுக்'னு சுத்துறீங்களே, அதுலதான் நிஜமான வில்லன் இருப்பார். அவர் எறும்பு இல்லை, புத்தகப் பேன்! பழைய புத்தகத்தைப் பிரிச்சதும் மணல் துகள் மாதிரி ஒண்ணு பரபரன்னு ஓடுமே, அதேதான். உடம்பு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். பூஞ்சைதான் அவருக்குப் பிரியாணி. கேமராவுல அவரைப் பார்த்தீங்கன்னா, உள்ளே பூஞ்சை பிடிச்சிருக்கோன்னு சந்தேகப்படுங்க. லென்ஸை டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி, கிளை கிளையா ஏதாவது படர்ந்திருக்கா? பூச்சி போனாலும் பூஞ்சை போகாது. நாளாக ஆக கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கை அரிச்சுத் தின்னுடும். அப்புறம் துடைச்சாலும் தடம் இருக்கும்.

ரெண்டு பேருக்கும் ஒரே எதிரி, வறட்சி. காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரம் இருந்தா புத்தகப் பேன் உடம்புத் தண்ணி வத்திச் செத்துப் போகும். பூஞ்சையும் படுத்துடும். அதுக்கு டிரை கேபினட் வாங்க ஸ்காலர்ஷிப் பணத்தை எடுக்க வேண்டாம். காத்து புகாத மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பதமானி. முள்ளு 40-க்கும் 50-க்கும் நடுவுல நின்னா போதும், ரொம்பவும் காயப் போட வேண்டாம். ஆரஞ்சு கலர் சிலிகா ஜெல்லா பார்த்து வாங்குங்க. ஈரம் குடிச்சதும் பச்சையாகும், சூடு பண்ணினா பழைய நிறம் திரும்பும். நீலம் ரோஸாக மாறுற வகையில கோபால்ட் இருக்கு, அது விஷம். அம்மாவோட வாணலியில வறுத்துத் தொலைக்காதீங்க!

கேமரா வாங்கும்போது வந்த லெதர் உறை அழகாத்தான் இருக்கும். ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற ஆளும் அதுதான். ஊர் சுத்தும்போது போடுங்க, வீட்டுல கழற்றிடுங்க. அப்புறம், கேமரா பைக்குள்ள கடலை மிட்டாய், முறுக்குத் தூள்... நான் ஏதாவது சொல்லணுமா?

அரிசி டப்பா வைத்தியம் வேற இருக்கு. தண்ணியில விழுந்த போனை அரிசிக்குள்ள புதைக்கிற பழக்கத்துல கேமராவையும் புதைக்கிற மகானுபாவர்கள் உண்டு. அரிசித் தூசி உள்ளே போறது ஒரு பக்கம். போனை அரிசியில போடாதீங்கன்னு ஆப்பிள் கம்பெனியே தன்னோட வழிகாட்டிக் குறிப்புல சொல்லியிருக்கு. இன்னொரு பக்கம், நம்ம வீட்டு அரிசியில வண்டு இருக்குமே! பூச்சியை விரட்டப் போய் பூச்சி வீட்டுலயே குடிவைக்கிற கதை.

சரி, எலெக்ட்ரானிக்ஸ்ல பூச்சிக்கு என்ன வேலை? இது இன்னிக்கு நேத்து கதை இல்லை. 1947 செப்டம்பர் 9-ம் தேதி, ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு பண்ணினப்போ உள்ளே ஒரு ரிலேயில செத்துக் கிடந்தது ஒரு விட்டில். அதை எடுத்து லாக் புத்தகத்துல டேப் போட்டு ஒட்டி, நிஜமான 'பக்' முதல் தடவையா சிக்கியதுன்னு கிண்டலா எழுதி வெச்சாங்க. அந்தப் பக்கம் இன்னமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல விட்டிலோட சேர்ந்து பத்திரமா இருக்கு. 'பக்'ங்கிற வார்த்தையே அங்கேதான் பிறந்ததுன்னு உங்க கம்ப்யூட்டர் சார் சொன்னா நம்பாதீங்க. 1878-லயே எடிசன், கருவியில வர்ற கோளாறுக்கு அந்தப் பேரைச் சொல்லி கடிதம் எழுதியிருக்கார்.

எறும்புகளோட கணக்கு தனி. 2002-ல டெக்சாஸ்ல பூச்சி ஒழிப்புத் தொழில் பண்ணின டாம் ராஸ்பெரி ஒரு புது எறும்புக் கூட்டத்தைக் கவனிச்சார். குறுக்கும் நெடுக்கும் கிறுக்குத்தனமா ஓடுறதால அதுக்கு 'க்ரேஸி' எறும்புன்னே பேர் வந்துச்சு. மின்சாரப் பெட்டிக்குள்ள ஒண்ணு ஷாக் அடிச்சுச் சாகும்போது ஒரு வாசனையை விடுது. 'ஆபத்து, ஓடி வாங்க'ன்னு அர்த்தம். உடனே பட்டாளமே உள்ளே வந்து, ஒண்ணு மேல ஒண்ணா செத்து, கடைசியில சர்க்யூட்டே ஷார்ட் ஆயிடும். நம்ம ஊர்லயும் இதுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. 2022-ல திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை காட்டையொட்டிய கிராமங்கள்ல மஞ்சள் க்ரேஸி எறும்பு பெருகி, ஆடு மாடு மேய்க்கவே ஜனங்க திண்டாடினாங்க. அது கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அமிலம், மெல்லிய செப்புத் தடம்... கெமிஸ்ட்ரி படிச்சவங்க மீதியைப் புரிஞ்சுக்குவீங்க.

உங்க கேமராவுக்கு வந்தவர் அநேகமா பிள்ளையார் எறும்பாத்தான் இருப்பார், சாது. அவரை அனுப்புற முறை இதுதான். கேமராவை ஆஃப் பண்ணி பேட்டரியைக் கழற்றுங்க. தூசி இல்லாத அறையில கதவை மூடி, ஃபேனை நிறுத்திட்டு, லென்ஸையும் கழற்றி கேமராவை வாய் கீழே பார்க்கிற மாதிரி ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல நிக்க வைங்க. விளக்கை அணைச்சிட்டு, கீழே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு மட்டும் வைங்க. வெளிச்சத்தைத் தேடி வர்ற பூச்சியா இருந்தா இறங்கி வரும். எறும்புக்கு வெளிச்சத்தை விட, பக்கத்துல வைக்கிற ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணிதான் அழைப்பிதழ். கேமரா மேல இல்லைங்க, பக்கத்துல! ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்... பொறுமையா இருங்க. எல்.சி.டி. மானிட்டருக்குள்ள இலைப்பேன் புகுந்து ஊர்றதும் இதே ரகம்தான். திரையை அணைச்சிட்டு ஓரத்துல விளக்கு வைங்க. விரலால அழுத்தி நசுக்கினா அந்தப் பொட்டு ஆயுசுக்கும் அங்கேயே நிக்கும்.

வரவே இல்லையா? ரப்பர் ப்ளோயரால ரெண்டு தடவை மெல்ல ஊதலாம். வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். டப்பாவுல அடைச்சு வர்ற கம்ப்ரஸ்டு ஏர் திரவமாகவே பீய்ச்சி அடிச்சு, திட்டுத் திட்டா தடம் விட்டுடும். ஃபோகஸிங் ஸ்க்ரீன் மிருதுவான பிளாஸ்டிக். பட்ஸ் பட்டாலே கீறல் விழும், அந்தக் கீறல் எறும்பு மாதிரி எழுந்து நடந்து போகாது. பூச்சி மருந்து ஸ்ப்ரே அடிக்கிற ஐடியா இருந்தா அந்தக் கையைக் கட்டிப் போடுங்க. லென்ஸ் மேல எண்ணெய்ப் படலம் நிச்சயம். ரசகற்பூர உருண்டையும் பைக்குள்ள வேண்டாம், அதோட ஆவி கண்ணாடியிலயும் பிளாஸ்டிக்லயும் படியும். பட்டுப்புடவைக்கு நடுவுல பாட்டி வைக்கிற வசம்பு, புடவையோடயே இருக்கட்டும். அருங்காட்சியகங்கள்ல துணிகளை ஃப்ரீஸர்ல வெச்சுப் பூச்சியைக் கொல்லுவாங்க. அதைப் படிச்சுட்டு கேமராவை ஐஸ் பெட்டிக்குள்ள தள்ளாதீங்க, வெளியே எடுத்ததும் உள்ளெல்லாம் வியர்த்துடும்.

யூட்யூப் பார்த்து ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குற வீரர்களுக்கு மட்டும் சீரியஸா ஒரு வார்த்தை. ஃப்ளாஷ் இருக்கிற எந்த கேமராவுக்குள்ளயும் சுமார் 300 வோல்ட் ஏறின கெப்பாசிட்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றின பிறகும் அதுல சார்ஜ் தங்கியிருக்கும். விரல் பட்டா தூக்கிப் போடும். எறும்புக்காக இந்த ரிஸ்க் வேண்டாம் பாஸ்.

படிச்சுக்கிட்டே கல்யாண ஆர்டர் எடுக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. செமஸ்டர் ஃபீஸே அதுலதான். மழை பெய்ஞ்ச ராத்திரி ரிசப்ஷன், மண்டப வாசல்ல ஈசல் மொய்க்குது, உங்க வீடியோ லைட்டைப் பார்த்ததும் இங்கே பறந்து வருது. அந்த லைட்டை கேமரா மேல மாட்டாம தள்ளி ஒரு ஸ்டாண்டுல வைங்க, கூட்டம் அங்கே போயிடும். லைட்டுக்குப் பக்கத்துல லென்ஸை மாத்தவே கூடாது. குட்டி கேமராவா இருந்தா இன்னும் உஷார். நீண்டு வர்ற லென்ஸ் குழலோட இடுக்குல ஓர் ஈசல் சிக்கினா மோட்டார் திணறி, 'லென்ஸ் எரர்'னு காட்டி அப்படியே நின்னுடலாம். முகூர்த்தத்துல தாலி ஏறுற நேரம் ஒண்ணுதான், ரீ-டேக் கிடையாது. அதனால மறுநாள் விடியறதுக்குள்ள, ராத்திரி எவ்வளவு அசதியா இருந்தாலும், ஒரு வெள்ளைச் சுவர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுப் படுங்க. சென்சார் மேல ஏதாவது இருந்தா, ஃபுல் சார்ஜ் பேட்டரியைப் போட்டு மெனுவுல இருக்கிற க்ளீனிங் மோடுல கண்ணாடியைத் தூக்கி, கவிழ்த்துப் பிடிச்சு ப்ளோயரால ஊதுங்க. பாதி சார்ஜுல பண்ணினா நடுவுல ஷட்டர் மூடிக்கும்.

சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டி வந்தா, 'கேமரா ரிப்பேர்'னு மட்டும் சொல்லிக் கொடுக்காதீங்க. வ்யூஃபைண்டர்லயா, சென்சார்லயா, லென்ஸ்லயான்னு டெஸ்ட் படத்தையும் கையோட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. ஃபோகஸிங் ஸ்க்ரீனைச் சுத்தம் பண்றதுக்கும், லென்ஸை முழுசா பிரிக்கிறதுக்கும் கூலி ஒண்ணு இல்லை. பிரிக்கிறதுக்கு முன்னாடியே ரேட்டைக் கேட்டு பில்லுல எழுதி வாங்கிக்குங்க.