உங்களுக்குத் தெரியுமா? தங்க வாள் விழா எடுத்தவரே சேலை கட்டுவேன் என்றார்!

சினிமாவும் நாடகமும் சென்னைச் சரக்கு என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தை அப்படியே நீட்டுங்கள். அத்தனையும் மதுரைச் சரக்கு!

1952 தீபாவளி. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டரைத் திறக்கிறார்கள். கட்டட வேலை இன்னும் முழுசாக முடியவில்லை. அதற்காகத் தீபாவளியை விட முடியுமா? ‘பராசக்தி’யைப் போட்டுவிட்டார்கள்! ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே மார்தட்டியது. மொத்தம் எத்தனை சீட் தெரியுமா? 2,563! இன்றைய மல்டிபிளெக்ஸில் பத்து ஸ்கிரீனைச் சேர்த்தால்தான் அந்த ஒரு தியேட்டருக்குப் பக்கத்திலாவது வர முடியும்!

‘பராசக்தி’க்காக கேமரா முன்னால் சிவாஜி பேசிய முதல் வார்த்தை என்ன? ‘சக்சஸ்’! அவர் நின்று பேசிய இடத்துக்கு ஏவி.எம். ஸ்டூடியோவில் நினைவுச் சின்னமே இருக்கிறது. இன்னொரு சேதி. இந்தப் பையன் சரிப்பட மாட்டான், ஆளை மாற்றிவிடலாம் என்று நடுவில் பேச்சு எழுந்தது. தயாரிப்பில் பங்காளியான பி.ஏ.பெருமாள் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மட்டும் அசைந்து கொடுத்திருந்தால், நமக்கு சிவாஜியே கிடையாது!

தியேட்டர் படத்தை ஓட்டும். படம் தியேட்டரைக் கட்டுமா? கட்டியது! 1937-ல் மதுரை ராயல் டாக்கீஸ் எடுத்த படம் ‘சிந்தாமணி’. எம்.கே.தியாகராஜ பாகவதரும் அஸ்வத்தம்மாவும் ஜோடி. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வந்த லாபத்தில் முதலாளிகள் மதுரையிலேயே ஒரு தியேட்டர் எழுப்பினார்கள். பெயர்? சிந்தாமணியேதான்!

இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கதை மூன்று ரீல்!

முதல் ரீல், 1958. ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழா. தமுக்கம் மைதானம் முழுக்கத் தலைகள். இந்தப் படம் ஓடினால் நான் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று சொல்லிவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் கொட்டிப் படம் எடுத்தவர் எம்.ஜி.ஆர். அவருக்கு மேடையில் ஒரு தங்க வாள் பரிசு. எடை 110 பவுன்! விழாவை முன்னின்று எடுத்தவர் தி.மு.க.வின் மதுரை முத்து!

இரண்டாவது ரீல், 1973. எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டுத் தனிக்கட்சி கண்டுவிட்டார். மதுரை முத்து அப்போது தி.மு.க. மேயர். எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியே வந்தால் நான் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று சவால் விட்டார்! படம் வந்ததா? மே 11-ம் தேதி வந்தது! சுவரில் போஸ்டர் கிடையாது, எல்லாம் ஸ்டிக்கர் விளம்பரம். மதுரை மீனாட்சி தியேட்டரில் 217 நாள்! ரசிகர்கள் முத்துவுக்குச் சேலைகளை அனுப்பிவைத்தார்கள் என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். படம் ரிலீஸான ஒன்பதாம் நாளே திண்டுக்கல் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சியின் இரட்டை இலைக்கு முதல் வெற்றி!

மூன்றாவது ரீல்தான் கிளைமாக்ஸ். அதே முத்து பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார்? எம்.ஜி.ஆரிடமே! அ.தி.மு.க.வில் சேர்ந்து மறுபடியும் மதுரை மேயர்! இப்படி ஒரு திரைக்கதையை எந்த எழுத்தாளராவது எழுத முடியுமா?

எம்.ஜி.ஆர். சின்னப் பையனாக நாடகத்தில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி சேர்ந்தது மதுரை ஸ்ரீ பாலகான சபா. நம்பியார் சேர்ந்தது மதுரை தேவி பால விநோத சங்கீத சபா. ஹீரோ, ஹீரோ, வில்லன். மூன்று கம்பெனிப் பெயரிலும் மதுரை!

பாலகான சபாவில் சிவாஜி எப்படிச் சேர்ந்தார் தெரியுமா? நான் அநாதை என்று பொய் சொல்லி! அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லாரும் வீட்டில் இருக்க, நாடகத்துக்காக அத்தனை பேரையும் இல்லை என்று சொல்லிவிட்டார். போட்ட முதல் வேஷம், சீதை!

நம்பியாரின் முதல் படம் 1935-ல் வந்த ‘பக்த ராமதாஸ்’. அதில் பெண் வேஷம் போட்டவர்கள் யார்? எல்லாரும் ஆண்கள்! நவாப் ராஜமாணிக்கம் தன் நாடகக் கம்பெனியை அப்படியே கேமரா முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்!

ஒரு நாடகம் எழுத எத்தனை நாளாகும்? சங்கரதாஸ் சுவாமிகளைக் கேளுங்கள். ஒரே ராத்திரி! மதுரையில் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்வ பால சபாவைத் தொடங்கியவர் அவர். சிறுவன் டி.கே.சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை எழுத உட்கார்ந்தார். விடிந்தபோது வசனம், பாட்டு எல்லாம் முடிந்து கட்டாக இருந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை! பார்த்தவர் சண்முகம். பின்னாளில் சொன்னவரும் அவரே!

இவ்வளவு பெரிய மனிதர் ஏன் நடிப்பை விட்டார்? நாடக உலகம் சொல்லும் கதை இது. சனீஸ்வரன் வேஷம். உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு விடிய விடிய ஆடினார். விடியற்காலை இருட்டில் வேஷம் கழுவக் குளத்துக்குப் போனார். அங்கே துணி வெளுக்க வந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நிஜச் சனியே வந்துவிட்டது என்று அலறி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம்! அன்றோடு சுவாமிகள் அரிதாரத்தைத் தொடவில்லையாம்!

குருவுக்குச் சிஷ்யர் சளைத்தவரா? டி.கே.சண்முகம் ஔவையார் கிழவியாக நடிக்க வேண்டும். பொக்கை வாய்க்கு என்ன செய்தார்? பல்லையே பிடுங்கிக்கொண்டார் என்பார்கள்! அதனால்தான் அவர் ‘ஔவை’ சண்முகம். இன்று சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர்!

நாடக நடிகர் திருமங்கலம் விஸ்வநாத தாஸ். இந்தப் பெயரை மதுரைப் பக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்! ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி தினைப்புனம் காத்துப் பறவை விரட்டுவாள் இல்லையா? அந்த இடத்தில் தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வைத்தார். எந்த வெள்ளை என்று சபைக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும்! மேடைக்குக் கீழேயே காத்திருந்து பிடித்துக்கொண்டு போவார்கள். வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. எத்தனை தடவை கைது? 29!

அவர் போன விதத்தைக் கேட்டால் மெய் சிலிர்க்கும். 1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டோடு உயிரும் போனது! முருகன் வேஷத்தைக் கலைக்காமலே இறுதி ஊர்வலம் நடந்தது! திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடாமல் போய்ப் பாருங்கள்.

மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, நாரதராக ஆண் வேஷம் போட்டிருக்கிறார்! படம், 1941-ல் வந்த ‘சாவித்திரி’. சம்பளம் 40,000 ரூபாய். அது எங்கே போனது? ‘கல்கி’ பத்திரிகை தொடங்க! சாவித்திரியாக நடித்தவர் மராத்திக்காரர் சாந்தா ஆப்தே. அதற்காகவே உட்கார்ந்து தமிழ் படித்தார்!

சோழவந்தான் பக்கம் தென்கரை. அந்த ஊர் டி.ஆர்.மகாலிங்கம், 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் குட்டிக் கிருஷ்ணன். தமிழில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் பின்னணிக் குரல் தொடங்கியதே அந்தப் படத்தில்தான்! 1945-ல் அவர் நடித்த ‘ஸ்ரீவள்ளி’ இன்னும் வேடிக்கை. நாயகி குமாரி ருக்மிணி பாடியது ஏவி.மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. படமோ வெளியே போய்விட்டது! விட்டாரா? பி.ஏ.பெரியநாயகியைப் பாடவைத்து, ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே குரலை மாற்றிவிட்டார்!

மதுரைக் கதை என்றால் ‘திருவிளையாடல்’ இல்லாமலா? தருமியாக வந்த நாகேஷுக்கு எத்தனை நாள் ஷூட்டிங்? ஒன்றரை நாள்! தனியாகப் புலம்பும் அந்த இடம் அவராகவே சேர்த்தது. டப்பிங்கில் அதைப் பார்த்த சிவாஜி, ஓர் அடி பிலிம்கூட வெட்டக்கூடாது என்று டைரக்டர் ஏ.பி.நாகராஜனிடம் சொல்லிவிட்டார். தன்னைத் தூக்கிச் சாப்பிடும் காட்சி என்று தெரிந்தே சொன்னார்! அது மட்டுமா? படத்தில் நெற்றிக்கண்ணுக்கே அஞ்சாத நக்கீரர் யார்? டைரக்டர் ஏ.பி.நாகராஜனேதான்!

ஹீரோ யார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பாடகர் டி.எம்.எஸ். வாயைத் திறப்பார். எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல். மதுரை சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை! அவர் சிலையாக நிற்பது முனிச்சாலையில்!

100-வது படம் ராசியில்லை என்பது கோடம்பாக்கத்துப் பேச்சு. ரஜினிக்கு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’, கமலுக்கு ‘ராஜபார்வை’, இரண்டுமே கைகொடுக்கவில்லை. மதுரை ரைஸ்மில் வீட்டுப் பையன் விஜயகாந்த் வந்தார். 100-வது படம், ‘கேப்டன் பிரபாகரன்’. படமும் ஓடியது, ‘கேப்டன்’ என்ற பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது!

வடிவேலு சினிமாவுக்கு வருமுன் மதுரையில் போட்டோவுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டார். இன்று மீம் போடும் ஒவ்வொரு செல்போனிலும் சட்டம் இல்லாமலே அவர் படம்!

1980 மதுரையைக் காட்டிய ‘சுப்பிரமணியபுரம்’, பெரும்பாலும் திண்டுக்கல்லில் எடுத்த படம்! ‘விருமாண்டி’யின் கிராமம்? சென்னையில் போட்ட செட்! ஆனால் மதுரை மண்ணின் பெயர் இந்தி வரை போனது. ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ எடுத்த அனுராக் காஷ்யப், படத்தின் தொடக்கத்திலேயே நன்றி சொன்னது யாருக்கு? பாலா, அமீர், சசிகுமார் என்ற மதுரை மும்மூர்த்திகளுக்கு!

கடைசிச் சேதியைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன். ஸ்பெஷல் நாடகம்! ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. சில நேரம் முருகனும் வள்ளியும் முதல் தடவை ஒருவரை ஒருவர் பார்ப்பதே மேடையில்தான்! அப்படியே தர்க்கத்தில் இறங்கினால் மணிக்கணக்கில் கேள்வி, பதில், பாட்டு. யார் எதைத் தூக்கிப் போட்டாலும் ஆர்மோனியக்காரர் அந்தச் சுருதியைப் பிடித்துவிடுவார். பக்கத்தில் ‘ஆல்ரவுண்ட்’ என்று ஓர் ஆள், பத்து வாத்தியத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு, பபூன் தடுக்கி விழுவதற்கும் சரியாக ஒரு தட்டு தட்டுவார்! ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் முடிவது விடியற்காலை!

இது பழங்கதை இல்லை, இன்றும் நடக்கிறது! அந்தக் கலைஞர்களின் சங்கம் மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கிறது. தமுக்கத்தில் நிற்கும் சங்கரதாஸ் சுவாமிகள் சிலைக்கு வருஷா வருஷம் மாலை போட்டுக் குருபூஜை செய்கிறார்கள். பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சுவரில் கலைஞர்கள் போட்டோ போட்ட நோட்டீஸைப் பாருங்கள். செலவு கோயில் கமிட்டியுடையது, டிக்கெட் கிடையாது. ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள்!