மடியின் அளவும் பாலின் அளவும்

பசுவின் மடி நான்கு தனி அறைகளால் ஆனது. ஓர் அறையில் சுரக்கும் பால் மற்றோர் அறைக்குப் போகாது. பின்னறைகள் இரண்டும் பெரியவை. மொத்தப் பாலில் ஏறத்தாழ 60 சதவீதத்தை அவையே தருகின்றன.

அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து நீரையும் சத்துகளையும் எடுத்துப் பாலாக்குகின்றன. 1 லீற்றர் பால் சுரக்க 400 முதல் 500 லீற்றர் வரை இரத்தம் மடி வழியே ஓட வேண்டும். சுரக்கும் உயிரணுக்கள் கூடினால் பாலும் கூடும். மடி பெரிதான பசு பொதுவாக அதிகம் கறப்பது இதனால்தான்.

ஆனால் மடியைப் பெரிதாகக் காட்டுவது சுரப்பித் திசு மட்டுமல்ல. கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதை நிரப்பலாம். கன்று ஈனும் நாட்களில் நீர் கோத்தும் மடி வீங்கும். நாகுப் பருவத்தில் அளவுக்கு மீறித் தீனி தின்ற மாட்டின் மடியில் கொழுப்பு படிந்து, சுரப்பித் திசு குறைகிறது. மடியழற்சி கண்ட அறையோ முதலில் வீங்கும்; நோய் நீடித்தால் இறுகிப் பால் வற்றிவிடும்.

மடியின் அளவுக்கேற்பப் பால் வேறுபடுவதைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நேரில் காணலாம். சிலாபம் முதல் வென்னப்புவ வரை தென்னந்தோப்புகளில் மாடுகள் மேய்கின்றன. நாட்டு மாட்டின் மடி சிறியது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றரே கறக்கும். அதன் மடியின் அடியில் பால் தேங்கும் இடமும் குறைவு. கன்று முட்டி ஊட்டினால்தான் ஒக்ஸிடோசின் இயக்குநீர் சுரந்து, நுண்பைகள் சுருங்கிப் பால் இறங்கும். ஜேர்சி, சாஹிவால் கலப்பு மாடுகளின் மடி பெரியது, கறவையும் கூட.

எனினும் பெரிய மடிக்கும் தீனியும் நீரும் வேண்டும். பாலில் 87 சதவீதம் நீர். வடக்கே புத்தளம், கல்பிட்டிப் பக்கம் வறட்சி நீளும் மாதங்களில் புல் காய்ந்து, வெக்கையில் மாடு தின்பதும் குறையும்போது, எந்த மடியும் சுருங்கும். தென்னை நிழல், கிளிரிசீடியாத் தழை, தேங்காய்ப் புண்ணாக்கு, தடையில்லாத தண்ணீர் ஆகியவை அந்த இழப்பைக் குறைக்கின்றன. லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னையின் கீழ் புல்லும் மாடும் வளர்ப்பதை ஆராய்ந்து வந்துள்ளது.

மாடு வாங்குவோர் மடியைக் கறப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கறந்த பின் வெறும் தோல்பைபோல் சுருங்கித் தொய்வது சுரப்பித் திசு நிறைந்த மடி. கறந்த பின்னும் பருத்தே நிற்பது சதை மடி. பின்னங்கால் மூட்டுக்குக் கீழே தொங்கும் மடி எளிதில் காயப்படும். சேறும் ஒட்டி நோய் தொற்றும். நான்கு காம்புகளும் ஒத்த அளவில் இருப்பதும், வயிற்றடியில் பால் நரம்பு புடைத்து வளைந்தோடுவதும் நல்ல அறிகுறிகள். இவற்றையெல்லாம் பார்த்த பின்னும், இரண்டு வேளை கறந்து அளந்த பாலே முடிவான சான்று.