தொலைந்த திறவுகோலும் கழலாத நட்டும்

விண்ணகத்தின் திறவுகோல்களைப் பெற்றவர் என நாம் போற்றும் புனித இராயப்பரின் பெயராலேயே இராயபுரம் வழங்கப்படுகிறது. அந்த ஊரை நோக்கிப் புறப்பட்ட எங்கள் குடும்பத்தார், கட்டைவிரல் அளவேயுள்ள ஓர் இரும்புத் திறவுகோல் இல்லாமையால் ஒரு விடியற்காலையில் நடுவழியில் நின்ற செய்தியை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பலவாகிவிட்டன. அவர்களுள் சிலரேனும் இதனைப் படித்தவுடன் எழுந்து சென்று தம் காரின் டிக்கியைத் திறந்து பார்ப்பார்களாயின், எழுதியதன் பயன் கிடைத்ததாகக் கொள்வேன்.

என் தம்பி எண்ணூரில் குடியிருக்கிறான். எங்கள் தாயாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தமையால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அவருக்குக் குறிக்கப்பட்ட நேரம் காலை ஆறு மணி. ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும் சிகிச்சை அது; தாமதமாகப் போனால் அந்த இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும். இதன் பொருட்டே தம்பி பழைய கார் ஒன்றை வாங்கினான். பளபளப்பான அலாய் சக்கரங்கள் பூட்டிய கார். விற்றவர் வண்டிச் சாவி இரண்டையும் பதிவுச் சான்றிதழையும் கொடுத்தார். அவனும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டான். கொடுக்கப்படாத பொருள் ஒன்று உண்டென்பது இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

திருவொற்றியூரை நெருங்கும்போது, கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் அச்சாலையில் கிடந்த ஏதோ இரும்புத் தகடு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. தம்பி ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கினான். மூன்று நட்டுகள் கழன்றன. நான்காவது நட்டில் ஸ்பானர் பொருந்தவேயில்லை. அதன் தலை ஆறுமுகமாக இல்லாமல் உருண்டையாக, நடுவே பூவிதழ் போன்ற வளைந்த பள்ளத்தோடு இருந்தது. அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதற்குச் சாவி வேண்டுமே" என்றார். அம்மா பின்னிருக்கையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

தம்பியின் மனைவி அச்சமயம் காட்டிய நிதானம் பாராட்டுதற்குரியது. சக்கரத்தைப் பற்றிய ஆராய்ச்சியை ஆண்களிடம் விட்டுவிட்டு, ஓர் ஆட்டோவை நிறுத்தி அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆறு மணிக்குச் சற்றுப் பிந்தினாலும் அன்று இடம் கிடைத்தது.

பட்டறைகளில் 'வீல் லாக்' என வழங்கும் இந்தப் பூட்டு நட்டு, விலையுயர்ந்த சக்கரங்களைக் கள்வர் கழற்றிச் செல்லாதிருக்கும் பொருட்டுச் செய்யப்பட்டது. சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு பொருத்துவார்கள். நட்டின் தலையிலுள்ள பள்ளத்திற்கு ஏற்ற மேடுகளுடைய சிறு இரும்புக் குமிழே அதன் திறவுகோல். அதனை நட்டின்மீது வைத்து, அதன் மறுமுனையில் வழக்கமான ஸ்பானரை மாட்டித் திருப்ப வேண்டும். சில கார்களில் உற்பத்தி நிறுவனமே இதனைப் பொருத்தித் தருகிறது. மற்றவற்றில் உரிமையாளர்கள் வாங்கிப் பொருத்துகிறார்கள். உரியவன் யார், கள்வன் யார் என்று நட்டுக்குத் தெரியாது. திறவுகோல் இல்லாதவர் எவராயினும் அதற்கு ஒன்றே.

அன்று தம்பிக்குத் துணையாக வந்தவர், ஆலையொன்றில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் இத்தகையோருக்குக் குறைவில்லை. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்திற்று. 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிகளால் பெயர் பெற்றது. எம்.ஆர்.எப். டயர் நிறுவனமோ 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் குழந்தைகளின் பலூன் செய்வதில் தொடங்கியது. 1950களில் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் அங்கே வந்தது. சக்கரமும் மரையும் அறிந்த மண் அது.

பெரியவர் முதலில் சுத்தியலைத் தொடவில்லை. "தம்பி, முதலில் நன்றாகத் தேடுங்கள்" என்றார். திறவுகோல் பெரும்பாலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலோ, ஜாக்கி வைக்கும் பையிலோ, முன்பக்க டாஷ்போர்டுப் பெட்டியிலோ இருக்கும். சில கார்களில் அதன் குறியீட்டு எண் அச்சிட்ட சிறு அட்டையும் கையேட்டோடு வைக்கப்பட்டிருக்கும். அந்த எண் கிடைத்தால் புதிய திறவுகோல் வரவழைக்கலாம். எண்ணும் இல்லையாயின் அந்நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தை நாடலாம். ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிட்ட சில வடிவங்களையே பயன்படுத்துவதால், அவ்வடிவங்கள் அனைத்தும் அடங்கிய திறவுகோல் தொகுதியைப் பல நிலையங்களில் வைத்திருப்பார்கள். அவசரமில்லாதோர்க்கு இதுவே சிறந்த வழி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எந்த நிலையம் திறந்திருக்கும்?

இன்னொன்றும் அவர் சொன்னார். டியூப் இல்லாத டயரில், தரையில் படியும் பகுதியில் ஆணி தைத்திருந்தால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டியதில்லை. வண்டியில் இருந்தபடியே ஆணியைப் பிடுங்கி, பசைத்திரியைச் செருகிக் காற்று நிரப்பிவிடலாம். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அந்த வழி உதவாது. காற்றில்லாத டயரோடு ஓட்டிப் போகலாமே என்பவர்கள் டயரையும் சக்கரத்தையும் சேர்த்தே இழப்பார்கள்.

ஆகவே, வலிய கழற்றுவது என்று முடிவாயிற்று. பெரியவர் ஜாக்கியை இறக்கச் சொன்னார். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான் நட்டை இளக்க வேண்டும். ஜாக்கியின்மேல் நிற்கும் காரைப் பலங்கொண்டு உலுக்கினால் அது சரிந்து விழும். எதிர்ச் சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுத்து, கழற்றிய மூன்று நட்டுகளையும் மீண்டும் பூட்டி இறுக்கினார். தம்பிக்கு இது விளங்கவில்லை. பக்கத்து நட்டுகள் சுமையைத் தாங்கினால் பூட்டு நட்டின்மேல் உள்ள அழுத்தம் குறையும் என்பதே காரணம். பிறகு, துரு இளக்கும் எண்ணெய் தெளித்துச் சிறிது நேரம் காத்திருந்தார். கடற்காற்று வீசும் ஊரில் துருவின் பிடி இறுக்கமானது.

பஞ்சர் கடையிலிருந்த பழைய பன்னிரு முனைப் பாக்ஸ் ஸ்பானர்களுள், நட்டின் வெளிச்சுற்றைவிடச் சற்றே சிறியதைத் தேர்ந்து நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்தார். கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி அணிந்துகொண்டார். கெட்டிப்படுத்திய எஃகின் சில்லு தெறித்தால் பார்வை போய்விடும் அல்லவா? ஸ்பானர் இறுகக் கவ்வியதும் நீண்ட கைப்பிடியை மாட்டி ஒரே சீராக அழுத்தினார். முதன்முறை வழுக்கியது. மறுபடி அறைந்து அழுத்தியதும் 'டக்' என்ற ஓசையோடு நட்டு இளகியது. அது ஸ்பானருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது வேறு கதை.

இதற்கென்றே இடப்புறமாகச் சுழலும் வெட்டுப் பற்களைக் கொண்ட குமிழ்களும் கடைகளில் உண்டு. நட்டைக் கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அவை மேலும் ஆழமாகக் கவ்வும். இதனை விளக்குகையில், பழைய ஆங்கிலேய வகை லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்ததையும், அதை அறியாத புதுப் பையன்கள் நட்டைக் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கியதையும் பெரியவர் நினைவுகூர்ந்து சிரித்தாராம்.

சில பூட்டு நட்டுகளின் வெளிவளையம் தனியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனைக் கவ்வினால் வளையம் மட்டுமே சுழலும். முதலில் வளையத்தை உடைத்தெடுக்க வேண்டும். இது தேர்ந்த கைகளின் வேலை. நட்டின்மேல் வேறொரு நட்டை வெல்டிங் செய்து கழற்றுவோரும் உண்டு. வேறு வழியே இல்லாதபோதன்றி இதற்கு இணங்காதீர்கள். சூடேறினால் அலுமினியக் கலவைச் சக்கரம் வலுவிழக்கும். காற்றடைத்த டயர் வெடித்து உயிரையும் கொள்ளக்கூடும்.

நட்டுகள் இவ்வளவு இறுகுவதற்குப் பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியே காரணம். கார் நட்டுக்கு வேண்டிய இறுக்கம் பொதுவாக 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். அதாவது ஓரடி நீள ஸ்பானரின் முனையில் ஏறத்தாழ 35 கிலோ எடை தொங்கும் அளவு. துப்பாக்கியோ இதனைப் பன்மடங்கு தாண்டிவிடும். திறவுகோலின் மேடுகளையும் உடைத்துவிடும். பூட்டு நட்டைக் கையாலேயே கழற்றிப் பூட்டுமாறு பட்டறையில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் திறவுகோலைக் கேட்டு வாங்குங்கள். அது பட்டறை மேசையிலேயே தங்கிவிடுவது வழக்கமான நிகழ்ச்சி. பழைய கார் வாங்குவோர் பணம் கொடுக்குமுன் நான்கு சக்கரங்களையும் குனிந்து பார்ப்பது நல்லது.

மற்ற மூன்று பூட்டு நட்டுகளையும் தம்பி அதே வாரத்தில் சர்வீஸ் நிலையத்தில் கழற்றி, சாதாரண நட்டுகளைப் பூட்டிக்கொண்டான். மரையின் அளவும், சக்கரத்தில் அமரும் பகுதி கூம்பா உருண்டையா என்பதும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் காரை விற்றவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டுச் சமையலறை இழுப்பறையில், பாட்டில் திறப்பானோடு திறவுகோல் கிடந்ததாம். தம்பி போய் வாங்கி வந்தான். இப்போது அம்மாவை அழைத்துச் செல்லும் நாட்களில், முதல்நாள் இரவே டயர்களின் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் அவன் உறங்குகிறான்.