சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே நூறே கிலோமீட்டரில் ஒரு முத்துக் கடல்… தெரியுமா?

சங்கரன்கோவில் பக்கத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "கடலுக்குப் போயிருக்கீங்களா?" என்றால், "வருஷா வருஷம் திருச்செந்தூர் போறோமே!" என்பார்கள். பச்சை உடுத்தி நடந்து போகிறவர்களும் உண்டு, வேன் பிடித்துப் போகிறவர்களும் உண்டு. விடியுமுன் கிளம்பி, கடலில் முங்கி, முருகனைக் கும்பிட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். ஆனால், தூத்துக்குடியிலிருந்து உவரி வரை நீளும் அந்த எண்பது சொச்சம் கிலோமீட்டர் கரையில் நாம் எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டது எவ்வளவு தெரியுமா? சிவப்பு மணல் காடு, ராக்கெட் தளம், குகைக்குள் வாழ்ந்த புனிதர், ஊர் ஊராக இடம் மாறிய துறைமுகம்… வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

கடலுக்குப் போகும் வழியே பாதி அதிசயம்!

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே 20 கிலோமீட்டரில் கழுகுமலை. முருகனைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடாதீர்கள். மலைக்கு மேலே வெட்டுவான் கோவில் இருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டிய கோவில் அல்ல. 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் கோவில்! எல்லோரா கைலாசநாதர் கோவிலும் இதே முறையில் உருவானதுதான். வெட்டுவான் கோவிலில் விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி முடியவில்லை. உளி நின்ற இடத்தை இன்றும் கண்ணால் பார்க்கலாம். பக்கத்துப் பாறையிலேயே வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள்.

அடுத்து கோவில்பட்டி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாயின் சொந்த ஊர். பையில் இரண்டு பாக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பினால், எட்டயபுரம். 1882 டிசம்பர் 11-ல் பாரதி பிறந்த ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் இங்கேதான், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடமும் இங்கேதான் என்பது தெரியுமா? ஒரு மகாகவி, ஓர் இசை மேதை, ஓர் இஸ்லாமியக் காப்பியப் புலவர்… மூவருக்கும் ஒரே சின்ன ஊர்!

ஒரு துறைமுகம் மூன்று ஊர் மாறிய கதை தெரியுமா?

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல் பயண நூல் இந்த ஊரைச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே முத்துக் குளித்தார்கள் என்றும் சொல்கிறது! அந்தக் கொற்கைக்கு இன்று போனால் கடலைக் காணோம். வயலும் வாழையும்தான். தாமிரபரணி ஆண்டுக்கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை விலகி, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

கொற்கை தூர்ந்ததும் வணிகம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய காயலுக்குப் போனது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய 'காயில்' துறைமுகம் இன்றைய பழைய காயல்தான் என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் மொழியறிஞர் கால்டுவெல். அதையும் ஆறு விடவில்லை. பிறகு தலையெடுத்ததுதான் தூத்துக்குடி. ஒரு நதி இரண்டு துறைமுகங்களை மூடி, மூன்றாவதைத் திறந்து வைத்திருக்கிறது! தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாதையில் இவை எல்லாமே கைக்கெட்டும் தூரம்.

தூத்துக்குடியில் ஒரு நாளாவது தங்குங்கள்!

1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள். இன்றைய பெரிய துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பழைய துறைமுகப் பக்கம் போனால் மரத்தாலான தோணிகளைப் பார்க்கலாம். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய்வருகிற தோணிகள் இவை!

கடற்கரைச் சாலையில் பனிமய மாதா பேராலயம். பனியே விழாத ஊரில் பனிமய மாதா! சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கடல் வழியாக வந்தது என்பது ஊர் சொல்லும் மரபு. ஆலயம் 1713-ல் எழுந்தது. ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் திருவிழாவில் சாதி மத வித்தியாசம் இல்லாமல் ஊரே கூடும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 குட்டித் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில்! அடித்தளமான பவளப்பாறைகளை முன்பு வெட்டி எடுத்ததும் அலையின் அரிப்பும் சேர்ந்து செய்த வேலை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் அந்த வழியில் போகாமல் இருக்க, கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காத்துவருகிறார்கள். பூங்காவின் தீவுகளுக்குள் பொதுமக்கள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஆனால், துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக் கடற்கரையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கடல் காற்று வாங்கலாம்.

மக்ரூனில் மைதா இல்லை, தெரியுமா?

மைதா மட்டுமா? வெண்ணெயும் இல்லை, பாலும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி… மூன்றே பொருள்! வெள்ளைக்கருவை மஞ்சள் ஒரு துளி கலக்காமல் பிரித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை அடிப்பார்கள். பொடித்த முந்திரியைக் கடைசியில் நுரை அமுங்காமல் கிளறுவார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, தட்டில் சுழற்றிச் சுழற்றிப் பிழிந்தால் உச்சியில் ஒரு முனை எழும்பும். பிறகு மிதமான சூட்டில் மெல்ல மெல்ல வேக வேண்டும். சூடு கூடினால் நிறம் மாறிவிடும், ஈரம் நின்றால் நமுத்துவிடும். வாயில் போட்டதும் கரைந்து, கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் படுவதுதான் நல்ல மக்ரூன். போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன பலகாரம் என்று ஊரில் சொல்வார்கள்.

சாயங்காலம் ஆனதும் பரோட்டாக் கடைகள் களைகட்டும். எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். மதியத்துக்கு மீன் சாப்பாடு: சீலா, ஊளி, பாறை, விளைமீன் என்று அன்றன்று கரைக்கு வந்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சங்கரன்கோவில் சுல்தான் பிரியாணியைத் தேடி வெளியூர்க்காரர்கள் நம்மூருக்கு வருகிறார்கள். அதே ஆசையோடு நாம் போக வேண்டிய ஊர் தூத்துக்குடி!

நம் வீட்டு உப்பு எங்கே விளைகிறது, தெரியுமா?

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெயர் தூத்துக்குடி. ஊருக்கு வெளியே சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளம். கடல்நீரையும் நிலத்தடி உவர்நீரையும் பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி வெயிலில் வற்றவிட்டால், தண்ணீர் கெட்டிப்பட்டுக் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க, இருட்டோடு வந்து பலகையால் உப்பை வாரிக் கூட்டுகிறார்கள் தொழிலாளர்கள். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், உப்புத் தண்ணீர் காலைப் புண்ணாக்கும். ஒரு பெரிய மழை பெய்தால் விளைந்ததெல்லாம் கரைந்து போகும். நாம் சோற்றில் போடும் ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு!

அலைக்குப் பக்கத்தில் உப்புக் கரிக்காத கிணறு!

அறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். கடலில் குளித்தபின் நாழிக்கிணற்றுக்கு ஏன் போகிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? படியிறங்கிப் போனால் பெரிய கிணற்றுக்குள் ஒரு சின்னக் கிணறு. கூப்பிடு தூரத்தில் கடல், ஆனால் தண்ணீர் கரிப்பதில்லை! முருகன் தன் வேலால் உண்டாக்கிய ஊற்று என்பது நம்பிக்கை. கடலோர மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரை விட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும் என்பது அறிவியல். இரண்டையும் தெரிந்துகொண்டு குளித்தால் வியப்பு இரண்டு மடங்கு!

17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து, சண்முகர் திருமேனியைக் கப்பலில் ஏற்றினார்கள். புயல் அடிக்கவே கடலில் போட்டுவிட்டார்கள். எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அந்த இடத்தில் தேடு என்று பக்தர் வடமலையப்பப் பிள்ளையின் கனவில் முருகன் வந்து சொல்ல, 1653-ல் திருமேனி மீட்கப்பட்டது என்பது கோயில் சொல்லும் வரலாறு. பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்க மறக்காதீர்கள்.

ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை!

திருச்செந்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது காயல்பட்டினம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே பெய்த மழை 95 சென்டிமீட்டர்! ஆனால், ஊரின் பெருமை மழை மட்டுமல்ல. நூற்றாண்டுகளாகக் கடல் வணிகம் செய்த முஸ்லிம் பெருமக்களின் ஊர் இது. கல்யாண வீட்டுக் களரிச் சாப்பாட்டை 'சகன்' என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். உங்களுக்கு அந்த ஊரில் நண்பர் இருந்தால், அழைப்பைத் தட்டாதீர்கள்!

தமிழ்நாட்டில் பாலைவனம் இருக்கிறதா? இருக்கிறது!

திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழி பக்கம் போங்கள். தேரிக்காடு! ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் செக்கச்சிவந்த மணல் மேடுகள். மணலில் உள்ள இரும்பு, காற்றும் ஈரமும் பட்டுத் துருவேறியதால் வந்த சிவப்பு. காற்றுக் காலத்தில் மேடுகள் இடம் பெயரும். அந்த வறண்ட மணலுக்கு நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனை, சுற்றிலும் மரங்களின் குளிர்ச்சி!

தேரியின் பெருஞ்செல்வம் பனை. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவதால் பதநீர் புளிப்பதில்லை. அதை அகன்ற வட்டையில் ஊற்றிக் காய்ச்சி, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் வார்த்து ஆறவிட்டால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுக்கும் ஏலமும் மணக்கும் சில்லுக்கருப்பட்டியும் வாங்குங்கள்.

காளி வேஷமும் ராக்கெட்டும் ஒரே ஊரில்!

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசரா நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காளி, குறவன், ராஜா என்று வேஷம் கட்டி, காணிக்கை பிரித்து, சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் கூடும் கூட்டம் லட்சக்கணக்கு. அதே குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? துருவப் பாதைக்கு ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராக விட்டால் இலங்கை குறுக்கே வரும். அதைச் சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் செலவாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசைக்குத் தெற்கே திறந்த கடல்தான்!

மணப்பாடு, உவரி, இடையன்குடி

இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டி நிற்கும் மணற்குன்றின் மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். குன்றின் சரிவில், 1542-ல் இங்கே வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகை. ஒரு பக்கம் அலை புரளும் கடல், மறுபக்கம் அசையாத காயல். அலைச்சறுக்கு பழக இளைஞர்கள் வருகிறார்கள். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோவிலும், அந்தோனியார் ஆலயமும், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயமும் ஒரே கரையில். அங்கிருந்து சற்று உள்ளே இடையன்குடி. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த வீடும் அவர் எழுப்பிய ஆலயமும் இங்கே. அவர் அடக்கமானதும் அந்த ஆலயத்தில்தான்.

எங்கே தங்கலாம்? எப்படித் திரும்பலாம்?

முதல் ராத்திரி தூத்துக்குடி. எல்லாச் செலவுக்கும் ஏற்ற லாட்ஜ்கள் உண்டு. இரண்டாம் ராத்திரி திருச்செந்தூர். கோயில் விடுதிகள், அரசின் ஓட்டல் தமிழ்நாடு, தனியார் விடுதிகள் எல்லாம் இருக்கின்றன. கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், குலசை தசரா நாள்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

திரும்பும்போது வந்த வழியில் வராதீர்கள்! ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளிய மரத்தைப் பாருங்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கித் தோண்டிய இடத்தில், முதுமக்கள் தாழிகளைக் குழியோடு அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள், குனிந்து பாருங்கள். திருநெல்வேலியில் அல்வா வாங்கிக்கொண்டு வடமேற்கே திரும்பினால் சங்கரன்கோவில்.

ஒரு வேண்டுகோள். கடற்கரையில் பிளாஸ்டிக் போடாதீர்கள். குளித்த துணியைக் கடலில் விடாதீர்கள். அடுத்த முறை திருச்செந்தூருக்கு வேன் பேசும்போது, ஒரு நாளுக்குப் பேசாதீர்கள். மூன்று நாளுக்குப் பேசுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்!