1433-ஆம் வாசல்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் பிரயாணம் செய்பவர், வழிநெடுக நிற்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளைப் பார்த்து, உள்ளே இரும்பும் ரப்பரும் பெயிண்டுமே பிரதானம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இக்காலத்து வாகனத் தொழிற்சாலையில், ஒரு சக்கரத்தின் நட்டு எவ்வளவு விசையுடன் முறுக்கப்பட்டது என்ற அற்ப விவரங்கூட, அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணோடு சேர்த்து ஒரு டேட்டாபேஸில் பதிவாகிவிடுகிறது. பின்னொரு நாள் சக்கரம் ஆடுகிறதென்று புகார் வந்தால் அந்தப் பதிவே சாட்சி.

முறுக்கும் கருவி இருப்பது அசெம்பிளி லைனில். டேட்டாபேஸ் இருப்பதோ சர்வர் அறையில். இடையில் நிற்கும் ஃபயர்வால், வரும் தகவல் யாரிடமிருந்து வருகிறது, யாரைத் தேடிச் செல்கிறது, எந்த போர்ட்டைக் கேட்கிறது என்று விசாரித்த பிறகே வழிவிடுகிறது. சர்வரை ஒரு மாளிகையாகக் கொண்டால் போர்ட் என்பது அதன் வாசல் எண்; அந்த எண் 65,535 வரை போகலாம். சம்பிரதாயமாக, டேட்டாபேஸ் மென்பொருள்களில் எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432.

சங்கடம் ஆரம்பமாவது, ஒரே சர்வரில் எஸ்க்யூஎல் சர்வரின் இரண்டாவது இன்ஸ்டன்ஸை, அதாவது தனித்து இயங்கும் இன்னொரு பிரதியை, நிறுவும்போதுதான். பெயரிட்டு நிறுவப்படும் இத்தகைய இன்ஸ்டன்ஸ், நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், காலியாக உள்ள ஏதோ ஒரு போர்ட்டைத் தானே பிடித்துக்கொள்கிறது. மறுமுறை துவங்கும்போதும் பெரும்பாலும் அதையே நாடுமாயினும், அதற்குள் வேறொரு புரோகிராம் அங்கே அமர்ந்துவிட்டால் இடம் மாறிவிடும். புது இடத்தை 1434-ஆம் யுடிபி போர்ட்டில் இருக்கும் எஸ்க்யூஎல் சர்வரின் பிரௌசர் சர்வீஸ் கேட்டவர்க்கெல்லாம் சொல்லும். ஃபயர்வாலுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகவே நேற்றுவரை ஒழுங்காக ஓடிய லைன் இன்று காலை டேட்டாபேஸ் கிடைக்காமல் நிற்கும். அவசரத்தில் எவராவது ஆயிரக்கணக்கான போர்ட்டுகளை ஒருசேரத் திறந்துவிடுவார். இது வியாதியைவிடக் கொடிய வைத்தியம்.

ஆதலால் போர்ட்டை நிரந்தரமாக நிர்ணயித்துவிடுவதே உசிதம். 1024-க்குக் கீழ் உள்ளவை பிரசித்தமான சேவைகளுக்கு உரியவை. 49152-ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் விண்டோஸ் தன் தற்காலிக உபயோகத்துக்கு வைத்திருக்கிறது. இடைப்பட்டதில், சர்வரில் வேறெதுவும் பயன்படுத்தாத ஓர் எண்ணை, நெட்ஸ்டாட் கட்டளையால் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். லைனில் உள்ள புரோகிராமில் சர்வரின் பெயரை அடுத்துக் காற்புள்ளியிட்டு அந்த எண்ணை எழுதிவிட்டால், பிரௌசரிடம் விசாரிக்க வேண்டியதில்லை; 1434-ஐத் திறக்கவும் வேண்டியதில்லை.

அந்த 1434-இன் பூர்வோத்தரம் பயங்கரமானது. 2003 ஜனவரி 25 அன்று, 376 பைட் மட்டுமே கொண்ட ஸ்லாமர் என்னும் கணினிப் புழு அதன் வழியே புகுந்து, தாக்கத்தக்க சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிஷங்களில் பீடித்தது. அது பயன்படுத்திய குறையை நீக்கும் திருத்தமோ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்து டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையத்தில், பாதுகாப்பு நிலவரத்தைக் காட்டும் கணினித் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. நிலையம் அப்போது உற்பத்தியில் இல்லாதிருந்தது அதிர்ஷ்டம். இதில் விசேஷம் என்னவெனில், அங்கிருந்த ஃபயர்வால் அந்த போர்ட்டை அடைத்தே வைத்திருந்தது. ஒப்பந்தக்காரரின் வலைப்பின்னலிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வந்த வேறொரு இணைப்பு வழியாகப் புழு உள்ளே வந்துவிட்டது.

நிலையான எண் வேண்டுமென்றேனே தவிர, 1433-ஐ விட்டு வேறெண்ணை வைத்தாலே திருடர்கள் ஏமாந்துபோவார்கள் என்னும் பரவலான அபிப்பிராயத்தை நான் ஏற்பதில்லை. எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்களுக்கு அது அதிக நேர வேலையன்று. எண் எதுவாயினும், ஃபயர்வாலைச் சுற்றிவரும் வழி இல்லாதவரை, இன்ன லைனின் இன்ன கணினிகள் மட்டுமே வரலாம் என்று ஃபயர்வால் விதியில் அவற்றின் ஐபி முகவரிகளைக் குறிப்பதில்தான் காவல் இருக்கிறது.

இனி ஒரு நடைமுறைச் சிக்கல். எண்ணை மாற்றினால் எஸ்க்யூஎல் சர்வீஸை நிறுத்தித் திரும்பத் துவக்கினாலன்றி அது அமலுக்கு வராது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் அந்தச் சில நிமிஷங்களைத் தரப் புரொடக்‌ஷன்காரர்கள் இலேசில் சம்மதிக்கமாட்டார்கள். ஆயுத பூஜை விடுமுறையை இதற்கென முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.