சேலத்தை விட்டுப் போகாத முதலாளி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், மலை ஏறுவதற்கு முன்பே சாலை ஓரத்தில் ஒரு வளைவைப் பார்க்கலாம். "மாடர்ன் தியேட்டர்ஸ்" என்று அதில் எழுதி இருக்கும்.

வளைவு மட்டும்தான் இருக்கிறது. ஸ்டூடியோ இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன.

ஒரு காலத்தில் அந்த ஸ்டூடியோவின் படத்துக்குக் கருணாநிதி வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர். நடித்தார். வி.என்.ஜானகி நடித்தார். மூன்று பேருமே பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்!

அந்த மூவருக்கும் வேலை கொடுத்த முதலாளி டி.ஆர்.சுந்தரம்.

நூல் வியாபாரக் குடும்பம்

"டி" என்றால் திருச்செங்கோடு. அம்மையும் அப்பனும் ஒரே உருவாய் நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலை உள்ள ஊர். இன்று அது நாமக்கல் மாவட்டம். அந்நாளில் சேலம் மாவட்டம். மானாவாரிக் காடும் தறியும்தான் அந்தப் பக்கத்து மக்களுக்குச் சோறு போட்டன.

அந்த ஊரில், வசதியான நூல் வியாபாரக் குடும்பத்தில் 1907-ம் ஆண்டு சுந்தரம் பிறந்தார்.

படிப்பதற்காக அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே லீட்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. துணி ஆலைகளுக்குப் பேர்போனது. அந்த நகரத்தில் நெசவுத் தொழில் படிப்பைப் படித்தார். ஊர் திரும்பியபோது பட்டம் மட்டும் வரவில்லை. கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணையும் மணந்திருந்தார்.

நெசவு படித்தவர் என்ன செய்வார்? மில் கட்டுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுந்தரம் கட்டியது சினிமா ஸ்டூடியோ!

பணம் கரைந்த வழி

அப்போது சினிமா பேசத் தொடங்கிய காலம். 1931-ல் வந்த "காளிதாஸ்" படத்தைப் பம்பாயில்தான் பிடித்தார்கள். அதன் பிறகும் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமானால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டி இருந்தது. நடிகர், நடிகை, பக்க வாத்தியக்காரர், சமையல்காரர் என்று ஒரு கல்யாணக் கூட்டமே ரெயில் ஏறும். படம் முடியும்வரை அத்தனை பேருக்கும் வாடகை, சாப்பாடு. மழை பெய்து வேலை நின்றாலும் செலவு நிற்காது.

சுந்தரம் முதலில் சேலத்தில் இருந்த ஏஞ்சல் பிலிம்ஸ் வேலாயுதம் பிள்ளையுடன் சேர்ந்து இந்தத் தொழிலில் இறங்கினார். பணம் எந்த ஓட்டை வழியாக ஓடுகிறது என்பது நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா?

பிறகு ஏற்காடு மலையடிவாரத்தில், ஏக்கர் கணக்கான நிலத்தில், மாடர்ன் தியேட்டர்சை ஆரம்பித்தார். அதன் முதல் படமான "சதி அகல்யா" 1937-ல் வந்தது.

அடுத்த ஆண்டே மலையாளத்தில் "பாலன்". மலையாள மொழியின் முதல் பேசும் படம் அதுதான். பேசும் படம் எடுக்கத் தக்க ஸ்டூடியோ அன்று மலையாள நாட்டில் இல்லை. ஆகவே, மலையாளம் முதன்முதலில் வெள்ளித்திரைக்காகப் பேசியது சேலத்து மண்ணில்!

மில் மாதிரி ஒரு ஸ்டூடியோ

படம் பிடிக்கும் கூடம், ஒலிப்பதிவுக் கருவி, பிலிம் கழுவும் அறை, எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. எழுத்தாளர், நடிகர், காமிராக்காரர், தச்சர், தையற்காரர் என்று பலரும் மாதச் சம்பளக்காரர்கள். வெளிப்புறக் காட்சி வேண்டுமா? எதிரே மலை. காசு கொடுக்காமல் கிடைக்கிற செட்!

நேரத்துக்கு வேலை, தேதிக்குச் சம்பளம். லீட்சில் கற்ற ஆலைப் பாடம் சினிமாவுக்குப் பயன்பட்டது. முதலாளி உள்ளே வந்தால் பேச்சு அடங்கிவிடும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். கெடுபிடிக்காரர் என்று குறைப்பட்டவர்களும் உண்டு. ஆனால் ஆரம்பித்த படம் பெட்டிக்குள் தூங்கக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

அவரே டைரக்டரும் ஆனார். 1940-ல் அவர் டைரக்டு செய்த "உத்தம புத்திர"னில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் கதாநாயகன் இரண்டு வேடம் போட்டது அதுவே முதல் தடவை. அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சியை எப்படிப் பிடிப்பார்கள் தெரியுமா? லென்சின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து அடுத்த வேடத்தைப் பிடிப்பார்கள். காமிரா ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் பாழ்!

1947-ல் "ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி". கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களின் தலையை வாங்கும் ஒரு பெண்ணின் கதை. கதாநாயகி வி.என்.ஜானகி. கூட்டம் அலை மோதிய படம்.

மந்திரி குமாரி

1950-ல் வந்தது "மந்திரி குமாரி". குண்டலகேசி காப்பியத்தில் உள்ள கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய நாடகம் அது. அமெரிக்கரான எல்லிஸ் டங்கனும் சுந்தரமும் டைரக்டு செய்தார்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகன்.

கொலைகாரக் கணவன், மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். "சாகும் முன் உங்களை மும்முறை வலம் வர வேண்டும்" என்கிறாள் அவள். அவன் இசைகிறான். வலம் வந்தவள் அவனையே கீழே தள்ளுகிறாள்! அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டில் பாரதிதாசனின் "எதிர்பாராத முத்தம்" என்ற காவியம் "பொன்முடி" என்ற பெயரில் இங்கே படமாயிற்று. 1952-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து "ஜங்கிள்" என்ற ஆங்கிலப் படம். 1956 பொங்கலுக்கு "அலிபாபாவும் 40 திருடர்களும்". எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அந்தப் படம், தமிழில் முழுக்க முழுக்க வர்ணத்தில் வந்த முதல் படம். வர்ணப் பிலிமுக்குச் சாதாரணப் பிலிமைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். நடிகர்கள் விளக்குச் சூட்டில் வெந்துதான் போயிருப்பார்கள்! 1961-ல் மலையாளத்துக்கும் முதல் வர்ணப் படத்தைச் சுந்தரம் கொடுத்தார். "கண்டம் பெச்ச கோட்டு" என்பது அதன் பெயர்.

மற்றவர்கள் போனார்கள்

இதற்குள் சினிமா என்றால் கோடம்பாக்கம் என்று ஆகிவிட்டது. காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் சென்னைக்கு மாறிவிட்டார். நட்சத்திரங்கள் சென்னையில் வீடு கட்டிக் குடியேறினார்கள்.

சுந்தரம் அசையவில்லை. தன் படத்தில் நடிக்க வேண்டுமா? சேலத்துக்கு ரெயில் ஏறி வரட்டும்! அப்படியே வந்தார்கள். அவரால் சேலத்தில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. அவரிடம் நிர்வாகியாக இருந்து தொழில் கற்ற எம்.ஏ.வேணு, பிறகு சேலத்திலேயே சொந்தக் கம்பெனி தொடங்கி "சம்பூர்ண ராமாயணம்" எடுத்தார்.

ஆனால் ஒன்று. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஆளின் சொல்லைத் தாங்கி நின்றது. நட்சத்திரங்கள் 200 மைல் பயணம் செய்து வந்தது ஊருக்காக அல்ல, அவருக்காக.

1963 ஆகஸ்டு 30

அன்று வெள்ளிக்கிழமை. சுந்தரம் காலமானார். வயது 56. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் வர்ணப் படத்தை முடித்துக் கொடுத்திருந்த மனிதர்!

மகன் ராமசுந்தரம் பொறுப்பை ஏற்றார். விளக்கு உடனே அணைந்துவிடவில்லை. ஜெய்சங்கர் நடித்த "வல்லவன் ஒருவன்" போன்ற துப்பறியும் படங்கள் வந்தன, நன்றாகவும் ஓடின. எல்லாமாக நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி என்ற பெயரும் நிலைத்தது.

ஆனால் காலம் மாறிக்கொண்டு வந்தது. ஒரே நாளில் இரண்டு மூன்று படத்தில் நடிக்கும் நட்சத்திரம், சேலத்தில் வந்து வாரக்கணக்கில் தங்குவாரா? 1977-ல் "16 வயதினிலே" வந்த பிறகு, டைரக்டர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு நேராகக் கிராமத்துக்கே போனார்கள். செட் போடும் கூடங்கள் காலியாகக் கிடந்தன. சென்னையில் ஜெமினி போன்ற பெரிய ஸ்டூடியோக்களே தப்பவில்லை. 1982-ம் ஆண்டோடு மாடர்ன் தியேட்டர்சின் படத் தயாரிப்பு நின்றது.

சுந்தரம் இருந்திருந்தால் நின்றிருக்காது என்பவர்கள் சேலத்தில் உண்டு. அவராலும் முடிந்திராது என்று சொல்கிறவர்களும் உண்டு. 56 வயதில் போனவரைப் பற்றி இப்படித்தான் பேச முடியும்.

2023-ல், அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் சேலம் வந்தபோது, அந்த வளைவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவருடைய தந்தை வசனம் எழுதிய "மந்திரி குமாரி" வெளிவந்து அப்போது 73 ஆண்டுகள் ஆகியிருந்தன.